பெரில், பிரில்லே, பெரம்பூர்

நாற்பது வயதைத் தாண்டியவர் பேப்பரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் பிடிக்கத் தொடங்கினால் வீட்டில் யாராவது சொல்லிவிடுவார்கள்: "வெள்ளெழுத்து வந்துடுச்சு, கண்ணாடி போடுங்க." பெரம்பூர் கண்ணாடிக் கடைகளில் இந்தச் சொல் தினமும் புழங்குகிறது. ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஷிஃப்ட் முடித்து வருபவர், லோகோ ஒர்க்ஸில் ஓய்வு பெற்றவர், ரயில்வே ஆஸ்பத்திரியில் கண்ணைக் காட்டிவிட்டுச் சீட்டோடு வருபவர் என எல்லோரும் கேட்பது அதே ரீடிங் கிளாஸைத்தான்.

இதே சாமானை ஒரு ஜெர்மன்காரர் 'பிரில்லே' என்று கேட்பார். வெல்டர் மாட்டிக்கொள்வது 'ஷ்வைஸ்பிரில்லே'. பட்டறையில் தூசிக்கும் தீப்பொறிக்கும் போடுவது 'ஷுட்ஸ்பிரில்லே'. வெயிலுக்குப் போடுவது 'ஸோன்னன்பிரில்லே'. இந்த பிரில்லே கண்ணைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததல்ல, கண்ணாடியைக் குறிக்கும் சொல்லிலிருந்தும் வந்ததல்ல. அது ஒரு ரத்தினக் கல்லின் பெயர். அந்தக் கல் நம் காங்கேயம் பக்கத்து மண்ணில் கிடைத்தது. பெயரும் தென்னிந்தியாவிலிருந்துதான் கிளம்பியிருக்க வேண்டும் என்று சொற்பிறப்பு அகராதிகள் சொல்கின்றன.

இவ்வளவு தூரம் ஒரு பெயர் எப்படிப் போயிற்று, யார் கையைப் பிடித்துக்கொண்டு போயிற்று என்று பார்த்தால், வட சென்னைக்காரர்களுக்குப் பழக்கமான ஒரு விஷயத்தில் வந்து நிற்கிறது. அதைக் கடைசியில் பார்ப்போம்.

கல் கண்ணாடியான கதை

கல்லின் பெயர் பெரில். கிரேக்கத்தில் பேருல்லோஸ், லத்தீனில் பெரில்லுஸ், இடைக்கால ஜெர்மனில் பெரில்லே. அந்தக் காலத்து ஐரோப்பியத் தேவாலயங்களில் புனிதர்களின் எலும்பையோ உடுப்பின் துண்டையோ பேழையில் வைத்துக் காப்பார்கள். உள்ளே இருப்பது வெளியே தெரிய, தெளிந்த கல் ஒன்றைத் தேய்த்து மூடியில் பதிப்பார்கள். அது உண்மையான பெரிலாகவும் இருக்கும், வெறும் படிகமாகவும் இருக்கும். பேச்சு வழக்கில் தெளிந்த கல் எதுவானாலும் 'பெரில்' என்று ஆகிவிட்டது.

மேடாகத் தேய்த்த அத்தகைய கல்லை ஏட்டின் மேல் வைத்தால் எழுத்து பெரிதாகத் தெரியும். வயதான துறவிகள் ஒவ்வொரு வரியாக அதை நகர்த்திப் படித்தார்கள். ஜெர்மனில் அதற்கு 'படிக்கும் கல்' என்றே பெயர் உண்டு. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியில் யாரோ ஒரு கைவினைஞர் இரண்டு வில்லைகளைக் கைப்பிடியோடு சேர்த்து, ஆணி அடித்து இணைத்து, மூக்கின் மேல் நிற்க வைத்தார். 1306இல் ஃபிளாரன்ஸ் நகரில் பிரசங்கம் செய்த ஜோர்தானோ என்ற பாதிரியார், இந்தக் கலை தோன்றி இருபது வருஷம்கூட ஆகவில்லை என்று வியந்து பேசியிருக்கிறார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே வெனிஸ் நகரப் படிகத் தொழிலாளர் சங்கம், சாதாரணக் கண்ணாடியைப் படிகம் என்று சொல்லி விற்கக் கூடாது என்று விதி போட்டது. அதாவது, வில்லை செய்ய அப்போதே கல்லை விட்டுக் கண்ணாடிக்கு மாறத் தொடங்கிவிட்டார்கள்.

பொருள் மாறியும் பெயர் மாறவில்லை. ஜெர்மன் பேசும் ஊர்களில் ஒரு வில்லைக்கு ஒரு 'பெரில்லே', இரண்டு வில்லைக்குப் பன்மை. நாளடைவில் அந்தப் பன்மையே ஒரு பொருளின் பெயராகி, நடுவில் இருந்த உயிரெழுத்தும் தேய்ந்து 'பிரில்லே' என்று நின்றது. டச்சுக்காரர்கள் இன்னும் குறுக்கி 'பிரில்' என்கிறார்கள். கல்லுக்கு இப்போது ஜெர்மனில் 'பெரில்' என்ற பெயர் தனியாக இருக்கிறது. ஒரே சொல் இரண்டாகப் பிரிந்து ஒன்று நகைக்கடைக்கும் மற்றொன்று கண்ணாடிக் கடைக்கும் போய்விட்டது.

இதற்குக் கண்ணால் பார்க்கக்கூடிய சான்றுகளும் இருக்கின்றன. ஜெர்மனியின் பாட் வில்டுங்கன் ஊர்த் தேவாலயத்தில் கோன்ராட் ஃபொன் ஸோஸ்ட் 1403இல் தீட்டிய பலிபீட ஓவியத்தில் ஒரு சீடர் மூக்குக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு புத்தகம் படிக்கிறார். ஆல்ப்ஸ் மலைக்கு வடக்கே கண்ணாடியைக் காட்டும் மிகப் பழைய ஓவியங்களில் அது ஒன்று. வீன்ஹவுசன் என்ற ஊரின் மடத்தில் 1953இல் கன்னியர் அமரும் மேடைத் தளத்தைப் பெயர்த்தபோது பலகை இடுக்கிலிருந்து மரச்சட்டக் கண்ணாடிகள் வெளிவந்தன. உலகில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய மூக்குக் கண்ணாடிகள் அவை. 1458இல் நிக்கோலஸ் ஆஃப் கூசா என்ற ஜெர்மன் அறிஞர், அறிவுக்கண்ணுக்குப் போடும் கண்ணாடி என்ற பொருளில் தன் நூலுக்கே 'பெரில் பற்றி' என்று தலைப்பு வைத்தார்.

பிளினி எழுதி வைத்தது

ஐரோப்பாவுக்கு பெரில் எங்கிருந்து வந்தது என்பதை ரோமானியர் பிளினி கி.பி. முதல் நூற்றாண்டிலேயே எழுதி வைத்திருக்கிறார். பெரில் இந்தியாவில் விளைகிறது, வேறெங்கும் அபூர்வம் என்கிறார். ஆறு பட்டையாகத் தீட்டுகிறார்கள், கடல் நீரின் தெளிந்த பச்சை நிறம் கொண்டதே உயர்ந்தது என்கிறார். இந்தியர்களுக்கு நீளமான பெரில்மீது பிரியம் அதிகம், அதைத் துளையிட்டு யானை முடியில் கோத்துக்கொள்கிறார்கள் என்றும் எழுதுகிறார். யானை முடியில் மோதிரம் போட்டுக்கொள்ளும் வழக்கத்தை அறிந்த நமக்கு இது நம்பக்கூடிய செய்திதான். கூடவே ஒரு புகாரும் வைத்திருக்கிறார்: இந்தியர்கள் படிகத்துக்குச் சாயமேற்றிப் போலி பெரில் செய்கிறார்கள் என்று. போலி செய்யும் அளவுக்கு ஒரு பொருளுக்கு விலை இருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இந்தியாவில் எந்த இடம்? கிரேக்க அறிஞர் தாலமி தன் புவியியல் நூலில் உள்நாட்டு ஊர்களைச் சொல்லும்போது, பெரில் கிடைக்கும் இடம் என்று 'புன்னாட்டா'வைக் குறிக்கிறார். அது மைசூருக்குத் தெற்கே கபினிப் பக்கம் இருந்த புன்னாடு. அங்கிருந்து கிழக்கே இறங்கினால் கொங்கு நாடு. இந்தியத் துணைக்கண்டத்திலேயே ரோமானிய வெள்ளிக் காசுகள் குவியல் குவியலாகக் கிடைத்த பகுதி இது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கே போனால் முசிறித் துறைமுகம். கல் போன வழியும் காசு வந்த வழியும் ஒன்றேதான்.

படியூரும் கொடுமணலும்

திருப்பூரிலிருந்து காங்கேயம் போகும் சாலையில் இருக்கிறது படியூர். பெரில் கிடைத்த ஊர் என்று ஆங்கிலேயர் காலக் குறிப்புகளில் திரும்பத் திரும்ப வரும் பெயர். 1819-20இல்கூட ஐரோப்பியர் ஒருவர் அங்கே பெரில் வெட்டி எடுத்திருக்கிறார்.

படியூருக்கு வடக்கே, நொய்யல் கரையில், ஈரோடு மாவட்டத்தில் இருக்கிறது கொடுமணல். பதிற்றுப்பத்தில் கபிலரும் அரிசில்கிழாரும் 'கொடுமணம்' என்று சொல்லும் ஊர் இதுதான் என்பது ஆய்வாளர்கள் முடிவு. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985 முதல் இங்கே அகழாய்வு செய்தது. பின்னர் புதுவைப் பல்கலைக்கழகமும் தமிழகத் தொல்லியல் துறையும் தொடர்ந்தன. தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன, இரும்பு உருக்கிய உலைகள் கிடைத்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, கல்மணித் தொழில் நடந்த தடம் கிடைத்தது.

தடம் என்றால் என்ன? முடிந்த மணிகள் மட்டும் கிடைத்திருந்தால், எங்கோ செய்து இங்கே கொண்டுவந்தார்கள் என்று சொல்லிவிடலாம். கொடுமணலில் மூலக்கல் இருக்கிறது. உடைத்துச் சில்லு பெயர்த்த கழிவு இருக்கிறது. வடிவம் கொடுத்து மெருகேற்றாமல் விட்டது இருக்கிறது. மெருகேற்றித் துளை போடாமல் விட்டதும் இருக்கிறது. பெரில், நீலக்கல், சூதுபவளம், அகேட், படிகம் எல்லாம் ஒரே ஊரில். ஒரு தொழிலின் ஒவ்வொரு கட்டமும் மண்ணுக்குள் அப்படியே கிடந்திருக்கிறது.

பெரிலில் துளை போடுவது லேசான காரியமல்ல. கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் வைரம் 10, படிகம் 7. பெரில் 7.5க்கும் 8க்கும் இடையே. படிகத் தூளைக் கொண்டு தேய்த்தால் பெரில் அசையாது. இயற்கையில் அது ஆறு பட்டைத் தூணாகவே விளைகிறது. அந்தப் பட்டையை வீணாக்காமல் மணியாக்க வேண்டுமானால், நீளவாக்கில் நடுவில் துளை விட வேண்டும். ஒரு முனையிலிருந்து பாதி, மறு முனையிலிருந்து பாதி என்று இரண்டு பக்கமும் துளைத்து நடுவில் சேர்ப்பது வழக்கம். கொஞ்சம் கோணினால் இரண்டு துளையும் சந்திக்காது. கொஞ்சம் அழுத்தினால் பல நாள் வேலை பிளந்துவிடும். இதைச் செய்தவர்களின் பெயர் எந்த ஓட்டிலும் இல்லாவிட்டாலும் அவர்கள் கைத்திறன் ரோம் வரை போய், பிளினியின் பேனா வரை எட்டியிருக்கிறது.

பெயர் யார் வைத்தது

இனி சொல்லுக்கு வருவோம். கிரேக்க பேருல்லோஸுக்கு மூலம் பாலியின் 'வேளுரிய', பிராகிருதத்தின் 'வேருலிய'. சமஸ்கிருதத்தில் இது வைடூரியம். புத்தர் போதனையாகச் சொல்லப்படும் சாமஞ்ஞபல சுத்தத்தில் ஒரு காட்சி வருகிறது: எட்டுப் பட்டை தீட்டிய தெளிந்த வேளுரிய மணி, அதன் ஊடே ஒரு வண்ண நூல். பார்வையுள்ள மனிதன் அதைக் கையில் எடுத்தால் மணியும் தெரியும், உள்ளே ஓடும் நூலும் தனியாகத் தெரியும். தெளிந்த மனம் உடலையும் அறிவையும் அப்படிப் பிரித்துப் பார்க்கும் என்பது பொருள். கல்லுக்குள் ஊடுருவிப் பார்ப்பது என்ற எண்ணம், மூக்குக் கண்ணாடிக்குப் பல நூற்றாண்டு முன்பே இந்தப் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

'வேளுரிய' எங்கிருந்து வந்தது என்பதற்கு ஆய்வாளர்கள் இரண்டு வழி காட்டுகிறார்கள். ஒன்று, வேளூர் அல்லது பேலூர் என்ற ஊர்ப்பெயர். மற்றொன்று, திராவிட வேர்ச்சொல்லான 'வெள்'. வெளிர், வெளிறு, வெண்மை, வெள்ளி எல்லாம் அந்தக் குடும்பம்தான். இரண்டு வழியும் தெற்கே கொண்டுவந்து விடுகின்றன.

இரண்டாவது வழி சரியானால் ஓர் அற்புதம் நடக்கிறது. 'வெள்ளெழுத்து' என்பதும் அதே 'வெள்' குடும்பம். எழுத்து வெளிறி மங்கித் தெரிகிறது என்று குறைக்குத் தமிழர்கள் வைத்த பெயரும், அந்தக் குறையைத் தீர்க்கும் சாமானுக்கு ஜெர்மானியர்கள் வைத்த பெயரும் ஒரே வேரிலிருந்து முளைத்தவையாகிவிடும்.

முதல் வழிக்கு ஆதரவாக ஒரு பழைய சாட்சி இருக்கிறது. பாணினியின் இலக்கணத்தில் ஒரு சூத்திரம், 'விதூர' என்ற இடப்பெயரிலிருந்து வைடூரியம் என்ற சொல் உண்டாவதைச் சொல்கிறது. கி.மு. 2ஆம் நூற்றாண்டில் மகாபாஷ்யம் எழுதிய பதஞ்சலி அங்கே ஒரு கேள்வி எழுப்புகிறார். இந்தக் கல் விளைவது வாலவாய மலையில் அல்லவா? விதூரத்தில் அதைச் செப்பனிடத்தானே செய்கிறார்கள்? அப்படியானால் விதூரத்தின் பெயர் ஏன் வந்தது? அவர் ஆராயும் விடைகள் இருக்கட்டும். கேள்வியே பெரிய செய்தி. தோண்டிய மலை வேறு, பட்டை தீட்டிய ஊர் வேறு, கல்லுக்குப் பெயர் கிடைத்தது பட்டை தீட்டிய ஊரால். இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே ஒருவர் இதைக் கவனித்துக் குறித்து வைத்திருக்கிறார்.

இந்தப் பெயர் மேற்கே மட்டும் போகவில்லை. பௌத்தர்களோடு சீனாவுக்குப் போய் 'லியூலி' ஆயிற்று. அங்கே அது வண்ணக் கண்ணாடிக்கும் மெருகு ஓட்டுக்கும் பெயர். ஜப்பானில் 'ரூரி' என்றால் நீல நிற லாபிஸ் கல். அரபியிலும் பாரசீகத்திலும் 'பல்லூர்', 'பில்லௌர்' என்றால் படிகம். தமிழுக்கோ இது வடமொழி உடுப்போடு வைடூரியம் என்று திரும்பி வந்தது.

ஒரே தனிமம், இரண்டு கல்

திரும்பி வந்தபோது அது குறிக்கும் கல்லும் மாறிவிட்டது. இன்று சௌகார்பேட்டையிலோ என்.எஸ்.சி. போஸ் ரோட்டிலோ வைடூரியம் கேட்டால், கேதுவுக்கு உரியது என்று பூனைக்கண் கல்லைக் காட்டுவார்கள். தேன் நிறத்தில் நடுவே ஒரு வெள்ளைக் கோடு அசையும் கல். அது கிரிசோபெரில் என்னும் வேறு கனிமம், கடினம் 8.5.

வேறு என்றாலும் உறவு அறுந்துவிடவில்லை. பெரிலும் மரகதமும் ஒரே இயல்புடையவை என்று பலர் நினைப்பதாக பிளினி எழுதியிருந்தார். 1798இல் பிரெஞ்சு வேதியியலாளர் வோக்லன் இரண்டையும் பகுத்துப் பார்த்து அது உண்மை என்று காட்டினார். இரண்டிலும் அதுவரை யாரும் அறியாத ஒரு தனிமம் இருந்தது. அதன் உப்புகள் இனித்ததால் பிரான்சில் 'குளுசினம்' என்று பெயர் வைத்தார்கள். 1828இல் அதைப் பிரித்தெடுத்த ஜெர்மானியர் வோலர் 'பெரிலியம்' என்றார். கடைசியில் அந்தப் பெயரே உலகம் முழுக்க நிலைத்தது. பூனைக்கண் கல்லிலும் இதே பெரிலியம் இருக்கிறது. பழைய வைடூரியத்தையும் புதிய வைடூரியத்தையும் இணைப்பது இந்தத் தனிமம்தான். வேதியியல் புத்தகத்தின் தனிம வரிசை அட்டவணையில் நான்காம் எண்ணில் இருக்கும் 'பெரிலியம்' என்ற பெயரைப் படிக்கும் பிளஸ் ஒன் மாணவர், தென்னிந்தியாவிலிருந்து போன ஒரு பெயரைத்தான் படிக்கிறார்.

பெரம்பூர் அறிந்த நியாயம்

தோண்டிய இடத்தின் பெயரை விட்டு, செய்த இடத்தின் பெயர் நிலைப்பது பெரம்பூருக்குப் புதிதல்ல. இந்திய ரயில்வேயில் கௌஹாத்தியோ ஜோத்பூரோ, எந்த யார்டில் கேட்டாலும் பழைய நீலநிறப் பெட்டிக்கு ஒரே பெயர்: ஐசிஎஃப் பெட்டி. அந்த வடிவமைப்பு பெரம்பூரில் பிறந்ததல்ல. சுவிட்சர்லாந்தில், ஜெர்மன் பேசும் சூரிச் நகருக்குப் பக்கத்தில் உள்ள ஷ்லீரன் ஊர்க் கம்பெனியின் வரைபடம் அது. 1955 அக்டோபர் 2 அன்று நேரு தொழிற்சாலையைத் தொடங்கி வைத்தார். அறுபது வருஷத்துக்கு மேல், 2018 ஜனவரி வரை, அந்த வகைப் பெட்டிகள் இங்கே செய்யப்பட்டன. ஷ்லீரன் என்ற பெயரைச் சொல்ல ரயில்வேக்காரர்களில் பலருக்குத் தெரியாது. ஐசிஎஃப் என்ற மூன்று எழுத்து தெரியாதவர் கிடையாது. ஷெல் டிவிஷனில் தகடு வளைத்தவர்களும் ஃபர்னிஷிங் டிவிஷனில் சீட்டும் மின்விசிறியும் பொருத்தியவர்களும் வாங்கிக்கொடுத்த பெயர் அது.

எல்லா முறையும் அப்படி அமைவதில்லை. ஐசிஎஃப் பிறகு செய்யத் தொடங்கிய துருப்பிடிக்காத எஃகுப் பெட்டிக்கு எல்எச்பி என்று பெயர். லிங்கே, ஹோஃப்மன், புஷ் என்ற ஜெர்மன் நிறுவனப் பெயர்களின் முதலெழுத்துகள் அவை. அந்தப் பெட்டியின் எஃகுத் தகட்டை இணைக்கிற வெல்டர், முகமூடியை இறக்கிவிட்டுத் தலையைக் குனிகிறார், பொறி பறக்கிறது. பற்றவைத்து முடித்து, மேலே படிந்த கசடைத் தட்டித் தேய்க்க கிரைண்டரை எடுக்கும்போது காகிள்ஸ் மாட்டிக்கொள்கிறார். பெட்டியின் பெயர் ஜெர்மனியிலிருந்து பெரம்பூருக்கு வந்தது. அவர் கண்ணைக் காக்கும் சாமானின் ஜெர்மன் பெயர், ஒரு காலத்தில் இந்தப் பக்கத்திலிருந்து ஜெர்மனிக்குப் போனது. இரண்டுமே பட்டறை வேலையோடு போன பெயர்கள்.

ஜெர்மன் மொழியும் இந்த வட்டாரத்துக்குத் தொலைவானதல்ல. பெரம்பூருக்குத் தெற்கே கூப்பிடு தூரத்தில் இருக்கும் வேப்பேரியில் 18ஆம் நூற்றாண்டில் இறைப்பணி செய்தவர் ஜெர்மானியர் யோஹான் ஃபிலிப் ஃபப்ரீசியுஸ். பாண்டிச்சேரிப் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து 1761இல் ஆங்கிலேயர் கைப்பற்றிய அச்சுப்பொறி அவரிடம் வந்தது. 1779இல் அவருடைய தமிழ்–ஆங்கில அகராதி அங்கேதான் அச்சானது. தமிழ்ச் சொற்களை ஒவ்வொன்றாகத் திரட்டிய அந்த மனிதரின் தாய்மொழியில் பிரில்லே என்ற சொல் அதற்கு முன்பே சில நூற்றாண்டுகளாகப் புழங்கிக்கொண்டிருந்தது.

நம் பள்ளிப் புத்தகங்களில் ரோமானிய வணிகம் என்றால் மிளகும் முத்தும் வந்துவிடுகின்றன. பெரில் பெரும்பாலும் ஒரு வரியில் போய்விடுகிறது. தொழிலாளர் குடும்பங்கள் நிறைந்த வட சென்னையின் பிள்ளைகளுக்கு இந்தக் கதை மிக நெருக்கமானது, ஏனென்றால் இதில் நாயகன் ராஜாவும் அல்ல, கப்பல் முதலாளியும் அல்ல, துளை போட்ட கைதான். எழும்பூர் அருங்காட்சியகம் ஒரு சின்ன ஏற்பாடு செய்யலாம்: கொடுமணலில் பாதியில் நின்ற பெரில் மணி ஒன்று, படியூரின் ஆறு பட்டை மூலக்கல் ஒன்று, வீன்ஹவுசன் கண்ணாடியின் படம் ஒன்று, பக்கத்தில் வேளுரிய முதல் பிரில்லே வரை பெயர் போன வழியைக் காட்டும் ஒரு வரைபடம். பெரம்பூரிலிருந்து பஸ் ஏறினால் எழும்பூர் அரை மணி நேரம்கூட ஆகாது. ஐசிஎஃப் குடியிருப்புப் பள்ளிகள் பிள்ளைகளை அழைத்துப்போய்க் காட்ட ஒரு மதிய நேரமே போதும்.